அழுகை வரும் பக்கம்

இராசதுரை மீனை ஏலம் கூறி விற்கிற சத்தம் கேட்டால் ஊருக்குள் திரிந்து சந்தைக்கு வெளியே குப்பை மேய்கிற மான்கள்கூட ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று சந்தைக் கூட்டாளி முனாப் சொல்லுவார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனால் விடியற்புறத்தில் வள்ளங்கள் கரைக்கு வந்து, பாரையும் அறக்குளாவும் சீமெந்துத் தரையில் குவிந்து, ஐஸ் உடைக்கிற சத்தமும் லொறிகளின் இரைச்சலும் ஒன்றாய் எழும்பும்போது அதற்கெல்லாம் மேலால் ஒரு குரல் போகவேண்டும். அந்தக் குரல் இராசதுரையிடம் இருந்தது. வெறுமனே விலையைக் கூவுகிற ஆளும் இல்லை. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு கதை வைத்திருப்பார். "இந்தத் திருக்கை நேற்றுப் பின்னேரம் வரைக்கும் சீனன்குடாவில கப்பலுக்கு வழி காட்டிக்கொண்டு நிண்டது" என்பார். "இந்தக் கணவாய்க்குக் கந்தோர் வேலைதான் சரி, மை தன்னட்டையே வைச்சிருக்கு" என்பார். வாங்க வந்தவன் சிரித்த வாயை மூடுவதற்குள் விலை ஏறிவிடும்.

மாசி மாதம் கொழும்பு ஆஸ்பத்திரியில் அந்தக் குரலை வெட்டி எடுத்தார்கள். தொண்டையில் புற்று. குரல்வளையை முழுதாய் எடுத்துவிட்டுக் கழுத்தடியில் மூச்சு விடுவதற்கு ஒரு துவாரம் வைத்து அனுப்பினார்கள். துவாரத்துக்கு மேலால் கட்ட, மனைவி இராசமலர் பழைய வெள்ளைச் சீலையை வெட்டிச் சின்னச் சின்னத் துணிகளாய்த் தைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள்.

அவர் இலேசில் சம்மதித்த ஆள் இல்லை. டொக்டர் சொன்ன அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, "குரல் போனா நான் ஆர்?" என்று கேட்டார். "சந்தையில கிடக்கிற மீனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வாயைத் திறந்து திறந்து மூடும், சத்தம் வராது. விடு மலர். இருக்கிற காலத்தைக் கதைச்சுக்கொண்டு இருந்திட்டுப் போறன்."

இராசமலர் விடவில்லை. கெஞ்சிப் பார்த்தாள். கிளிவெட்டியில் கட்டிக்கொடுத்த மகள் பிரியதர்சினியை வரவழைத்து அழவிட்டாள். ஒன்றும் சரிவரவில்லை என்றானபோது சாப்பாட்டை நிறுத்தினாள். சோறு ஆக்குவாள், அவருக்குப் போடுவாள், தான் தண்ணீர் மட்டும் குடிப்பாள். ஒருநாள் அடுப்படியில் தலைசுற்றி விழுந்தாள். அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்திவிட்டு இராசதுரை சொன்னார்: "சரி. நீ சொல்லுறாய், நான் செய்யிறன்."

அதுதான் அவர் அவளோடு கதைத்த கடைசிக் கதை போலாகிவிட்டது. வெட்டிய பிறகும் உதட்டை அசைத்துக் காட்டலாம், எழுதிக் காட்டலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, எழுதி அழிக்கிற பலகை ஒன்றும் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் செருகினார். வேணும் என்றால் தலையை ஆட்டுவார். வேண்டாம் என்றால் கையை விரிப்பார். உதட்டை இறுக்கி மூடியபடிதான் இருந்தார். கோபமா, கவலையா, இவள் செய்வித்தாள் என்ற வன்மமா என்று இராசமலருக்குப் பிடிபடவில்லை. முப்பது வருசமாய் ஓயாமல் கதைத்த மனிசன் இருந்த வீட்டில் இப்போது குசினிக் குழாய் சொட்டுவது கேட்டது.

இராசமலருக்குத் துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் வேலை. கூட்டுவது, தூசி தட்டுவது, ஆட்கள் மேசையில் விட்டுப்போன புத்தகங்களை இடம் பார்த்து அடுக்குவது. நிரந்தர நியமனம் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கழுத்துத் துவாரத்தில் சளி அடைத்தால் பக்கத்தில் ஒருவர் நின்று துடைத்துவிட வேண்டும். ஆளைத் தனியே விட ஏலாது. நூலகராய் இருந்த கஜந்தி, யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்த இளம் பெண், அவரையும் கூட்டிவரலாமோ என்று கேட்டதும் ஓம் என்றாள்.

"அவர் வந்திருந்தா ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை மிஸ்" என்றாள் இராசமலர். "சத்தம் போடமாட்டார்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. அன்று முழுக்க அந்தச் சொல் நாக்கில் கசந்துகொண்டு கிடந்தது.

மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று தொடங்கியிருந்தது. பகலில் வீதித் தார் இளகும்; காற்று அடுப்புக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். இராசதுரை யன்னலோரத்துக் கதிரையில் இருப்பார். யன்னலுக்கு வெளியே மதிலுக்கு அப்பால் உட்துறைமுகத்தின் ஒரு துண்டுத் தண்ணீர் தெரியும். மூதூர்ப் படகு போவதையும் வருவதையும் பார்ப்பார். பேப்பரைத் தவிர வேறெதையும் வாசித்தறியாத மனிசன், பேப்பர் முடிந்த ஒருநாள் கைக்கெட்டிய தட்டிலிருந்து ஒரு தடித்த நாவலை இழுத்தெடுத்தார். அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் பழைய நாவல்கள், நாலு தலைமுறைக்கு முந்தியவை. வேறு நாட்டு மொழிகளிலிருந்து வந்தவையும் இருந்தன. அவற்றைத் தூசி தட்டுகிற இராசமலரைத் தவிர வேறெவரும் தொடுவதில்லை. அவர் ஒன்றை முடித்து மற்றதை எடுத்தார். ஆள் எதிலாவது ஒதுங்கிவிட்டாரே என்று அவளுக்கு நிம்மதியாய் இருந்தது.

ஒருநாள் காலமை நூலகத்துக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. இளைப்பாறிய நில அளவையாளர் ஸைனுலாப்தீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பழைய நாவல் விரிந்து கிடந்தது.

"மிஸ், இஞ்ச வந்து பாருங்க. உங்கட புத்தகம் என்னோட கதைக்குது."

கஜந்தி போய்ப் பார்த்தாள். நாவலில் சீமான் ஒருவர் வீட்டு விருந்து நடந்துகொண்டிருந்தது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் மூன்று பெயர். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் தாளை ஒட்டி எழுதியிருந்தது: 'இந்தப் பக்கத்தில் வருகிற ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே ஆள். தலையைப் பிய்க்க வேண்டாம். நானும் பிய்த்துப் பார்த்துவிட்டேன்.'

கஜந்திக்கும் சிரிப்பு வந்தது. தட்டிலிருந்து இன்னும் நாலைந்தை எடுத்துப் புரட்டினாள். ராசா ராணிக் கதை ஒன்றில் இளவரசன் சுரங்கப் பாதைக்குள் இறங்குகிற இடத்தில்: 'இது எங்கட மீன்சந்தைக்குப் பின்னால்தான் வெளியே வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு வரவும்.' கதாநாயகி தலையணையில் விழுந்து அழுகிற இடத்தில்: 'இந்தப் பிள்ளை அடுத்த அத்தியாயம் முடியும்வரை அழும். நீங்கள் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.' காணியைச் சுருட்டுகிற சித்தப்பா ஒருவர் வருகிற இடத்தில்: 'மோசமான ஆள். எங்கட முனாப்பைப் போல. ஆனால் முனாப்புக்கு மீசை இல்லை.'

"இராசமலர் அக்கா, ஆர் இந்த வேலை பார்த்தது?" என்று கஜந்தி கேட்டாள். "பகிடி நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நகரசபையின்ர புத்தகம். வருசக் கடைசியில கணக்கெடுக்க வந்து பார்த்தா என்னைத்தான் கேப்பினம். தெரிஞ்சாச் சொல்லுங்கோ."

இராசமலர் தாளைப் பார்த்தாள். இரும்புக்கடைக்காரர் வருசப் பிறப்புக்குத் தந்த நாட்காட்டியின் தாள். அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிற அதே நாட்காட்டி. எழுத்தும் தெரிந்த எழுத்துத்தான். யன்னலோரத்தைப் பார்த்தாள். அவர் புத்தகத்துக்கு மேலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது மிஸ்" என்றாள்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னதுதான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாய் வேறொன்று நெஞ்சுக்குள் எழும்பியிருந்தது. அன்று பின்னேரம் புட்டை நன்றாய்க் குழைத்துப் பால் விட்டு அவருக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. முகம் தெரியாத சனத்துக்கெல்லாம் எழுதுறியள். தேத்தண்ணி குடி எண்டு எழுதுறியள். முனாப் அண்ணைக்கு மீசை இல்லை எண்டு எழுதுறியள். நான் இந்த வீட்டில சுவரோட கதைக்கிறன். எனக்கு ஒரு சொல்லு எழுதுங்கோ. ஏச்செண்டாலும் பரவாயில்லை, எழுதுங்கோ."

அவர் புட்டைச் சாப்பிட்டார். கோப்பையைக் கழுவி வைத்தார். தாளை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்குப் போய், வேலியோரம் கிடந்த கயிற்றுப் பந்தை எடுத்துப் பிரித்துச் சுற்றத் தொடங்கினார். இராசமலர் அந்தத் தாளை அடுப்புக்குள் போட்டாள்.

அதன்பிறகு அவள் அவரைத் தடுக்கவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. சனம் பழைய நாவல் தட்டைத் தேடி வரத் தொடங்கியிருந்தது. ரியூசன் பிள்ளைகள், வங்கியில் வேலை செய்கிற பெண்கள், மீன்சந்தைப் பொடியன்கள் இரண்டு பேர். பகிடி தேடி எடுத்தவர்கள் பகிடியோடு கதையையும் வாசித்தார்கள். கஜந்தியும் ஆளைத் தேடுவதைக் கொஞ்சம் ஆறப்போட்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த கிழமை, உம்மு குல்சும் வந்தாள்.

அவளை இராசமலருக்குத் தெரியும். இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து தபால் கந்தோருக்கு முன்னால் ஒரு தையல்கடையில் வேலை செய்கிறவள். போகும்போதும் வரும்போதும் வாசிக்க என்று கிழமைக்கு ஒரு புத்தகம் எடுத்துப்போவாள். நனைந்த குடையை வாசலில் வைத்துவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து மேசையில் வைத்தாள். திரும்பக் கொடுக்கிறவள் வைக்கிற மாதிரி வைக்கவில்லை. விரித்து, பக்கத்தைக் கையால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், இத ஆரு எழுதின?"

கடற்கரைக் குடும்பம் ஒன்றின் பழைய கதை அது. கடைசியில் கதாநாயகன் போன வள்ளம் புயலில் திரும்பி வராது. மனைவி கரையில் நிற்பாள். அவள் நிற்கிற அந்தப் பக்கத்தில் நாட்காட்டித் தாள் ஒட்டியிருந்தது: 'அழ வேண்டாம். ஆள் சாகவில்லை. இறக்கக்கண்டியில் கரையொதுங்கி, குளித்து, சாப்பிட்டு, நல்ல நித்திரை. விடிய வந்துவிடுவார்.'

கஜந்தி வாசித்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "பிழையா நினைக்காதேங்கோ. ஆரோ பகிடிக்குச் செய்யினம். நாங்கள் பார்த்துக்கொண்டுதான்..."

"என்னக் கட்டின மாப்பிள்ள கடலுக்குப் போய் வரல்ல மிஸ்" என்றாள் உம்மு குல்சும். குரல் உயரவே இல்லை. "ஹஸ்மி எண்டு பேரு. போன வருசம். எஞ்சினும் எண்ணெய்க் கானும் கிடைச்சிச்சு. ஆள் கிடைக்கல்ல. நான் இத பஸ்ஸுல வச்சு வாசிச்சன். நிலாவெளி தாண்டி இருக்கும். முதல்ல சிரிச்சன். அவரும் இப்பிடித்தான், பகிடிக்காரன். என்ட ஊர்ப் பேரு இரிக்கு பாருங்க. அந்த நேரம் எனக்குக் கதையா, நடந்ததா எண்டு தெரியல்ல. பஸ்ஸால இறங்கி ஊட்டுக்கு ஓடினன் மிஸ். ஓடியே போனன். கதவு நான் பூட்டின மாதிரியேதான் கிடந்திச்சு."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஸைனுலாப்தீன் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

இராசமலர் கையிலிருந்த தூசித் துணியை மேசையில் வைத்தாள். "எழுதினது என்ர மனுசன்" என்றாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாமல் விட்டனான். என்னை ஏசுங்கோ தங்கச்சி."

யன்னலோரத்துக் கதிரை நகர்ந்தது. இராசதுரை எழுந்து வந்தார். உம்மு குல்சும் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கழுத்துத் துணியைப் பார்த்தாள், அது மூச்சுக்கு மேலெழும்பி அமர்வதைப் பார்த்தாள்.

"அவருக்குக் கதைக்க ஏலாது" என்றாள் இராசமலர்.

"கதைக்க ஏலாட்டி என்ன, எழுத ஏலும்தானே" என்றாள் உம்மு குல்சும். "எழுதின கைதானே இது."

கஜந்தி ஒரு பேனையை நீட்டினாள். அவர் குனிந்து, 'மன்னித்துக்கொள்ளுங்கோ மகள்' என்று எழுதினார். அவள் அதை வாசித்தாள். எடுத்துக்கொள்ளவில்லை.

"இதப் பிச்சு எடுங்க. என்ட கண்ணுக்கு முன்னால."

அவர் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். பசை நன்றாய்ப் பிடித்திருந்தது. தாள் வரும்போது அடியில் அச்சடித்திருந்த இரண்டு வரியும் சேர்ந்து வந்துவிட்டது. கரையில் நிற்கிறவளின் இடத்தில் வெள்ளைத் தழும்பு ஒன்று விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உம்மு குல்சும் குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முனாப் வீட்டுக்கு வந்தார். சந்தையில் இப்போது மீன் கூறுவது அவர்தான். கிழமைக்கொருதரம் முள் குறைந்த மீனாய்ப் பார்த்துக் கொண்டுவருவார். அன்று ஒரு பாரைத் துண்டு. அதைக் குசினியில் கொடுத்துவிட்டு, முற்றத்தில் இராசதுரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"நடந்தது எல்லாம் கேள்விப்பட்டன் மச்சான். சந்தை முழுக்கத் தெரியும். ஒண்டு கேக்கிறன். நீ அங்க நிண்டு ஆரைப் பகிடி பண்ணல்ல? என்னப் பண்ணின, என்ட பொண்டாட்டியப் பண்ணின, நேவிக்காரனப் பண்ணின. ஆனா கடல்ல போனவன வச்சு ஒரு பகிடி உன்ட வாயால வந்ததா? ஒருக்கா ஒரு பொடியன் சொன்னதுக்கு நீ அவன அறைஞ்சாய். நான்தான் இழுத்துப் புடிச்சன். உனக்கு என்ன வந்திச்சு?"

இராசதுரை தலை நிமிரவில்லை.

முனாப் குசினிப் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, எனக்கு விளங்குது. அது பகிடிக்கு எழுதினது இல்ல. மற்றதெல்லாம் பகிடி. இது பகிடி இல்ல. வாசிச்சுக்கொண்டு போயிருப்பான். கதையில வாற அந்தப் பொடியன் சாகிறது இவனுக்குப் புடிக்கல்ல. கரைக்குக் கொண்டுவந்து போட்டான். இறக்கக்கண்டி எண்டு வாயில வந்த ஊரை எழுதினான். அவ்வளவுதான். ஆனா அந்தப் புள்ளைக்கு அது எப்பிடித் தெரியும்?"

இராசமலர் உப்பும் மஞ்சளும் பிரட்டிய மீனோடு குசினி வாசலில் நின்றாள்.

"என்னட்டச் சொல்லியிருந்தா நான் வேண்டாம் எண்டிருப்பன் அண்ணை" என்றாள். "ஆனா என்னோட ஆர் கதைக்கினம்."

முனாப் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, போகும்போது இராசதுரையின் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

கஜந்தி மேலிடத்துக்கு எழுதவில்லை. ஆனால் கண்டிப்பாய்ச் சொன்னாள்: ஒட்டினவரே அத்தனையையும் எடுக்கவேணும், இனி ஒரு எழுத்தும் கிழியக்கூடாது, அதுவரைக்கும் அந்தத் தட்டிலிருந்து ஒருவருக்கும் புத்தகம் கொடுப்பதில்லை.

பின்னறையில் ஒரு மேசையைப் போட்டு வேலை தொடங்கினார்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து தாளின் மேல் வைக்கவேண்டும். பசை இளகும்வரை பொறுத்திருந்து, மீன் செதிலுக்குள் கத்தி விடுவதுபோல் சவர பிளேட்டைச் சரித்து ஓரத்தில் விடவேண்டும். அவசரப்பட்டால் அச்சு வரும். எடுத்தபிறகு ஈரப் பக்கத்துக்கு அடியிலும் மேலிலும் பேப்பர் வைத்துச் செங்கல் ஏற்றவேண்டும். அடைமழை நாட்கள் என்றபடியால் ஒரு பக்கம் காய இரண்டு நாள் எடுத்தது. பஞ்சு வைப்பது இராசமலர், பிளேட் பிடிப்பது அவர். அவருக்கு எந்தப் புத்தகத்தில் எந்த இடம் என்று நல்ல நினைவிருந்தது.

எடுத்த தாள்களை ஒரு பழைய தேயிலைப் பேணிக்குள் போடும்போது இராசமலர் ஒவ்வொன்றாய் வாசித்தாள். அத்தனையையும் அவள் அதற்குமுன் பார்த்திருக்கவில்லை. மழைக்காக ஏங்குகிற கமக்காரன் வருகிற இடத்தில், 'எங்கட பக்கம் ஐப்பசியில் வேண்டிய மட்டும் பெய்யும், பஸ் ஏறி வரவும்.' காதலன் பன்னிரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதுகிற இடத்தில், 'தம்பி, அந்தப் பிள்ளைக்குச் சமையல் கிடக்கு.' மாமியார் மருமகளின் சோற்றைக் குறை சொல்லுகிற இடத்தில், 'இந்த அம்மாவை ஒருநாள் என்ர மனுசியின் குசினிக்கு விடவேணும். திரும்பி வரமாட்டா.'

இராசமலர் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவர் பிளேட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் அவள் சிரிப்பு எங்கேயோ முறிந்து அழுகையாய் வந்தது.

"இவ்வளவு கதை உள்ளுக்க வைச்சுக்கொண்டு எனக்கு ஏன் ஒண்டும் இல்லை? வெட்டச் சொன்னது நான்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்கு எவ்வளவு காலம் தண்டனை? சொல்லுங்கோ. கோபமோ?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார்.

"அப்ப என்ன?"

அவர் உதடுகள் பிரிந்தன. எட்டு மாதமாய் அவளுக்கு முன்னால் திறக்காத வாய் திறந்து, அசைந்து, மூடியது. சத்தமில்லை. கழுத்துத் துணி மட்டும் ஒருதரம் மேலெழும்பியது.

"விளங்கேல்லை" என்றாள் அவள். "திருப்பிச் சொல்லுங்கோ."

அவர் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. இன்னொருதரம் சொன்னார், மெல்ல. மேற்பல் கீழுதட்டில் பட்டது. வாய் விரிந்தது. பிறகு உதடுகள் ஒட்டிக்கொண்டன.

"வெக்கம்" என்றாள் இராசமலர். "வெக்கமா இருக்கோ?"

அவர் ஓம் என்று தலையாட்டினார்.

அவளுக்கு ஏசவேணும் போலிருந்தது. கட்டிப்பிடித்து அழவேணும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பஞ்சை எடுத்துத் தண்ணீரில் தோய்த்தாள். "எனக்கு முன்னால என்ன வெக்கம்" என்றாள். "சளி துடைக்கிறது நான். அதுக்கில்லாத வெக்கமோ."

அதற்குப்பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் அவர் வாய் திறப்பார். சில நாள் இறுக்கி மூடிக்கொண்டு முற்றத்தில் இருப்பார். பால் என்று சொன்னதை அவள் பாய் என்று நினைத்து உதறி விரித்துப் போட்டாள். இரண்டுதரம் கேட்டும் விளங்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும், அவளுக்கும் வரும். முற்றத்து மழையைப் பார்த்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவருக்குப் பசிக்கும்.

மார்கழியில் மழை விட்ட ஒரு காலமை, பழைய நாவல் தட்டைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். கிழிந்த அந்தப் பக்கத்துக்குக் கஜந்தி வேறொரு நூலகத்துப் பிரதியிலிருந்து இரண்டு வரியையும் பார்த்து எழுதி ஒட்டியிருந்தாள். இராசதுரை யன்னலோரத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். நாவல் தட்டுப் பக்கம் அவர் போவதில்லை.

உம்மு குல்சும் வந்தாள். அந்த மழைக்குப் பிறகு அன்றுதான் வருகிறாள். நேரே தட்டுக்குப் போய் நெடுநேரம் நின்றாள். தடித்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். கஜந்தி வங்கிக்குப் போயிருந்தாள். மேசையில் இராசமலர் மட்டும்.

"இதுக்குள்ள ஒண்டும் இல்லையே ராத்தா?"

"இல்லைத் தங்கச்சி. எல்லாம் எடுத்தாச்சு. ஒண்டும் மிச்சமில்லை."

உம்மு குல்சும் புத்தகத்தைப் புரட்டினாள். ஓரங்களில் ஈரம் காய்ந்த தடம் மட்டும் தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள். மூடினாள். ஆனால் போகாமல் நின்றாள்.

"கேக்கிறதுக்குக் குறை நினைக்க வேணாம். இதுல கடைசியில ஆரும் மவுத்தாகிறாங்களா? தெரிஞ்சுக்கிட்டு எடுத்தா நல்லம். பஸ்ஸுல வாசிக்கிறது."

இராசமலர் புத்தகங்களைத் தூசி தட்டியிருக்கிறாளே தவிர ஒன்றையும் வாசித்ததில்லை. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் இராசதுரை எழுந்து வந்துவிட்டார். உம்மு குல்சுமின் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் பெயரைப் பார்த்தார். வேண்டாம் என்று கையை விரித்தார். அதை எடுத்துக்கொண்டு தட்டுக்குப் போனார். ஒன்றைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைப் பாதி இழுத்துத் திரும்பத் தள்ளினார். கீழ்த் தட்டில் குந்தியிருந்து கனநேரம் தேடி, அட்டை வெளிறிய ஒரு நாவலோடு வந்து அவளுக்கு முன்னால் வைத்தார்.

பிறகு இராசமலரின் பக்கம் திரும்பி, வேற்று ஆள் ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்க, வாயைத் திறந்தார். உதடுகள் ஆறுதலாய் அசைந்தன.

இராசமலர் கண் வெட்டாமல் பார்த்தாள். "கடைசி மட்டும் ஒருத்தரும் சாகேல்லையாம்" என்றாள். அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். "நடுவில... நடுவில ஒரு... என்ன? திருப்பிச் சொல்லுங்கோ." அவர் திருப்பிச் சொன்னார். "ஓம். நடுவில ஒரு மாடு மட்டும் சாகுமாம். அதுவும் வயசு போன மாடாம்."

உம்மு குல்சும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புத்தகத்தைக் கையிலெடுத்தாள்.

"மாடு பரவாயில்ல" என்றாள்.